மலைக்குப் போகும் மட்டக்களப்பார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஊரில் உயரமான இடம் எது என்று கேட்டால் கல்லடிப் பாலத்தைக் காட்டுவார்கள். பாதி பகிடி, பாதி உண்மை. மேற்கே குடும்பிமலை இருக்கிறதுதான், ஆனால் அதில் ஏறிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? தட்டை நிலத்தில் நடந்து பழகிய கால்களோடு லீவு விட்டதும் வேன் பிடித்து மலைநாட்டுக்குப் புறப்படுகிறோம். எல்ல இப்போது திருவிழாக் கூட்டமாகிவிட்டதால், அமைதி தேடுகிறவர்கள் அப்புத்தளைப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். நல்ல தெரிவு. ஆனால் வாவிக்கரைப் பழக்கங்களையும் அதே வேனில் ஏற்றிக்கொண்டு போகிறோம். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவை. சிலவற்றை நானே செய்திருக்கிறேன்.

முதலாவது, ஒரே நாளில் போய் வரும் திட்டம். செங்கலடியில் திரும்பும் பதுளை வீதி மகா ஓயா, பிபிலை வழியாக நேரே மலைக்கு ஏறுகிறது. வரைபடத்தில் பார்த்தால் கிட்டத்தான். ஆனால் பிபிலைக்குப் பிறகு வளைவுகள், அதோடு பிள்ளைகளுக்கு வாந்தி, தேநீருக்கு ஒரு நிறுத்தம். விடியப் புறப்பட்டாலும் அப்புத்தளையில் கால் வைக்கும்போது பத்து, பதினொரு மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் அங்கே பார்ப்பதற்கு அதிகம் மிஞ்சியிருக்காது.

மலைக்காட்சி மீன் சந்தை மாதிரி. விடியப் போனவனுக்கு நல்லது கிடைக்கும், வெயில் ஏறிப் போனவனுக்கு மிச்சம்தான். வெல்லவாயப் பக்கத்துத் தாழ்நிலம் வெயிலில் சூடாக, ஈரக் காற்று மலைச்சரிவோடு மேலே ஏறி, குளிர்ந்து, பஞ்சாகித் திரள்கிறது. அப்புத்தளைப் பக்கத்துக் காட்சிமுனையான லிப்டன் சீட் ஏறத்தாழ 1,970 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. முதல் தடவை நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது பதினொன்றேகால். எனக்குத் தெரிந்தது முன்னால் நின்ற நண்பனின் முதுகு மட்டும்தான். பக்கத்தில் தேநீர் விற்றவர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, ‘காலையில வந்திருக்கணும் தம்பி’ என்று மட்டும் சொன்னார். இரண்டாம் தடவை அப்புத்தளையிலேயே இரவு தங்கி, இருட்டோடு ஓட்டோ பிடித்து டம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலைக்கு வந்து, அங்கிருந்து தோட்டப் பாதையால் நடந்தோம். தொழிற்சாலையிலிருந்து மேலே ஏழு கிலோமீற்றர் அளவு. 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தொழிற்சாலை அது. அன்றைக்கு மேலே நின்றபோது, கீழே தாழ்நிலம் முழுவதும் விரித்த பாய் மாதிரி கிடந்தது.

அந்த ஏழு கிலோமீற்றர் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. ஊரில் ஏழு கிலோமீற்றரை ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடுகிறவர்கள் ஏற்றத்தில் அதைப்போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் நோவது ஏறும்போதல்ல, இறங்கும்போது. ஓட்டோவில் மேலே போய் நடந்து இறங்கினால் சுகம் என்று நினைக்கிற வயதானவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இருட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் நாட்டில் அந்தி நேரம் குறுகியது. கடற்கரையில் சூரியன் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் வெளிச்சம் நிற்கும், மலைப் பள்ளத்தில் முகடு முன்னமே வெயிலை விழுங்கிவிடும். மூன்று மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்று எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். போன் வெளிச்சத்தை நம்பாமல் ஆளுக்கொரு ரோச்.

அடுத்தது, மாதம். டிசம்பரில் பள்ளிக்கூடம் பூட்டியதும் மலைக்குப் போவதுதான் நம்மவர்களின் வழக்கம். ஐப்பசி முதல் மார்கழி வரை இங்கே வெள்ளம் நிற்கிற அதே காலத்தில்தான் ஊவா மலைகளும் ஊறிக்கிடக்கும். இதை விளங்கிக்கொள்ள நமக்குத் தெரிந்த கச்சான் காற்றையே எடுத்துக்கொள்ளலாம். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி, காய்ந்த காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. அதுவே நம் வீட்டுக்கு வரும்போது உதட்டை வெடிக்கவைக்கும் கச்சான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் வருவதும் அந்தக் காற்றால்தான். ஆகவே ஓகஸ்ட் லீவு டிசம்பரைவிட எவ்வளவோ மேல், தொப்பி பறக்கும் அளவுக்குக் காற்று வீசும் என்பதைத் தவிர. என்னைக் கேட்டால் மாசி, பங்குனிதான் நல்ல மாதங்கள். சித்திரையில் மத்தியானத்துக்குப் பிறகு இடி மின்னல் வரும்.

மழைக்காலத்தில் போகவேண்டி வந்தால் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் புறப்படாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிக்கிறது. அப்புத்தளைக்குக் கீழே கொஸ்லந்தையில் மீரியபெத்த தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்து ஊர்கள் புதைந்தன. ‘அறைக்குக் காசு கட்டிவிட்டோமே’ என்பது போவதற்கு ஒரு காரணமே அல்ல.

நீச்சல் தெரிந்தவர்கள் கவனமாக வாசிக்க வேண்டிய இடம் இது. வாவியிலும் கடலிலும் பழகிய நமக்கு ‘தண்ணி என்ன செய்யும்?’ என்றொரு தைரியம் இருக்கிறது. 220 மீற்றர் உயரத் தியலும நீர்வீழ்ச்சியின் மேல் தடாகங்களுக்கு நம் பொடியன்கள் அந்தத் தைரியத்தோடுதான் போகிறார்கள். உப்புக் கலந்த நீர் உடம்பைக் கொஞ்சம் தாங்கிக்கொடுக்கும், மலை நீர் தாங்காது. அதன் குளிரில் மூச்சு ஒரு கணம் அடைக்கும், கால் பிடிக்கும். பாறை விளிம்பில் பாசி சவர்க்காரம் பூசியதுபோல வழுக்கும். இவற்றையெல்லாம்விட மோசம், மேலே பூணாகலைப் பக்கம் பெய்கிற மழை. தடாகத்தில் வெயில் எரிந்துகொண்டிருக்கும், உங்கள் தலையில் ஒரு துளி விழுந்திருக்காது, ஆனால் தண்ணீர் திடீரென்று கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அதைக் கண்டதும் உடுப்பு, போன் எதையும் தேடாமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். தடாகத்தின் விளிம்புக்கு அப்பால் இருப்பது அருவி. தண்ணீர் போகும் பக்கம் நின்று படம் எடுப்பதை நான் யாருக்கும் அனுமதிப்பதில்லை. மச்சான்மார் கோபித்தால் கோபிக்கட்டும்.

அப்புறம், வழி கேட்பது. போனில் வரைபடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் தோட்டத்துக்குள் நுழைகிறோம், சிக்னல் போய்விடுகிறது. அங்கே தமிழ் பேசும் சனம் இருப்பது நமக்குப் பெரிய கொடை, ஆனால் தமிழுக்குள்ளும் தமிழ் இருக்கிறது. கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு அக்காவிடம், ‘மலைக்கு எந்தப் பக்கம் போகவேண்டும்?’ என்று கேட்டேன். ‘எந்த மலைங்க தம்பி? ஏழாம் நம்பரா, பதினொன்னா?’ என்றார். தோட்டத்தில் மலை என்றால் கொழுந்து பறிக்கும் தேயிலை நிலம். ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. தேயிலைத் தொழிற்சாலைக்குப் பெயர் ஸ்டோர். லயத்துக்கும் லயத்துக்கும் நடுவே ஏறும் ஒற்றையடிப் பாதை குறுக்கு. நான் போக நினைத்த உச்சிக்கு அவர் ஒரு குறுக்கைக் காட்டினார், கூடவே, ‘மழை பேஞ்சா அதில எறங்காதீங்க’ என்றும் சொன்னார். எந்த வரைபடமும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

லயம் ஒருவருடைய வீடு. வாசலில் பல் துலக்குகிறவரையும் காயும் உடுப்பையும் ‘அழகான மலையகம்’ என்று படம் எடுப்பது அசிங்கம். கல்லடியில் நம் வீட்டு வேலிக்கு மேலால் ஒருவன் கமெரா நீட்டினால் சும்மா விடுவோமா?

ரயில் தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம், இதல்கசின்னப் பக்கம் சுரங்கங்கள் வேறு இருக்கின்றன. பார்க்க ஆசையென்றால் ரயிலில் ஏறிப் பாருங்கள்.

நம்மவர்களின் பிக்னிக் என்றால் கிடாரம், விறகு, வேனில் ஒரு பெரிய ஸ்பீக்கர். மலையில் இவை மூன்றும் ஆபத்து. தேயிலைத் தோட்டங்களில் பெரிய மரங்களிலும் பாறைகளிலும் குளவிக்கூடுகள் இருக்கும். வேலைக்குப் போன பெண்களைக் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி எத்தனை தடவை வந்திருக்கிறது! புகையும் அதிர்வும் அவற்றைக் கிளப்பிவிடும். கொட்டத் தொடங்கினால் கையை வீசி அடிக்காமல், தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு விலகி ஓடுங்கள். பல இடங்களில் கொட்டு வாங்கியவரை ‘பார்ப்போம்’ என்று உட்காரவைக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். ஓகஸ்ட் மாத வறட்சியில் மானாப்புல் ஒரு சிகரெட் துண்டுக்கே பற்றும். சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு போவது போதும், தாளைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

மற்றவை சின்ன விடயங்கள். பாட்டாச் செருப்பு வேண்டாம். ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ ஆறு பாகை குளிரும், அப்புத்தளை 1,400 மீற்றர் அளவு உயரம், எனவே ஆளுக்கொரு சுவெட்டர். அட்டை கடித்தால் பதற வேண்டாம், வாய்ப்பக்கமாக நகத்தை வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். 1931இல் கட்டிய அடிஷாம் பங்களா துறவிகள் வாழும் மடம், பொதுவாக சனி, ஞாயிறு, போயா நாட்களில்தான் திறந்திருக்கும். செவ்வாய்க்கிழமை போய் வாசலில் நின்று கோபிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பும் வழிதான் கடைசிப் பொறி. கல்முனை, அக்கரைப்பற்றுக்காரர்கள் பெரும்பாலும் பெரகலை, கொஸ்லந்தை, வெல்லவாய வழியாக இறங்குவார்கள். நம் ஊர்களுக்குள் ஓடும் அதே ஏ4 வீதிதான் அது, ஆனால் அங்கே அதன் குணம் வேறு. தட்டை வீதியில் ஓடிப் பழகிய டிரைவர் இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே கால் வைத்திருப்பார். பிரேக் சூடேறினால் பிடிக்காது. கருகிய மணம் வந்தால் உடனே ஓரங்கட்டி ஆறவிட வேண்டும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பக்கத்து எல்ல–வெல்லவாய வீதியில் 2025 செப்டெம்பரில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் செத்துப்போனார்கள். வெல்லவாயவில் தரை தட்டையானதும் எல்லோரும் சுவெட்டரைக் கழற்றிவிட்டுத் தூங்கிவிடுவார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர் விழித்திருங்கள். மொனராகலையும் சியம்பலாண்டுவவும் கடந்தால் லாகுகலைக் காடு வரும். யானைகள் வீதிக்கு இறங்கும் இடம் அது, இருட்டுமுன் தாண்டிவிடுங்கள்.