காய்ச்சல் வந்தா வீட்ல பண்ணக்கூடாத சில விஷயங்கள்

கிருமி தான் உடம்ப சூடாக்குதுன்னு நெறைய பேர் நெனைச்சிட்டு இருக்காங்க, அது அப்படி இல்லீங்க, சூட்ட ஏத்தறது நம்ம மூளை. கிருமி உள்ள வந்ததும் வெள்ளை அணுக்கள் சைட்டோகைன்னு சில கெமிக்கல ரத்தத்துல விடும், அதனால மூளை ரத்தக்குழாய்ல புரோஸ்டாகிளாண்டின் இ2ன்னு இன்னொரு கெமிக்கல் உருவாகும், அது ஹைப்போதலாமஸ்ல, அதாவது மூளைல உடம்பு சூட்ட கண்ட்ரோல் பண்ற இடத்துல இருக்குற நரம்பு செல்கள்ல போய் ஒட்டினதும் ஏசி ரிமோட்ல நம்பர மாத்தின மாதிரி 98.6 டிகிரிய ஒட்டி இருந்த அளவு 102, 103ன்னு மேல போயிடும். உடம்பு இன்னும் 100ல தான் இருக்கும், ஆனா மூளைக்கு அது பத்தாது, அதான் தோல்ல இருக்குற ரத்தக்குழாய சுருக்கி, தசைய நடுங்க வச்சு சூட்ட ஏத்துது, நமக்கு குளிருது.

இந்த நேரத்துல நாலு கம்பளிய மேல போட்டு ஜன்னல சாத்துறது வேணாம், முக்கியமா குழந்தைக்கு. மெல்லிசா ஒரு போர்வை போதும்.

அதே மாதிரி ஐஸ் தண்ணில துடைக்கிறது, ஸ்பிரிட் தடவுறது ரெண்டும் தப்பு. மூளை 103 வேணும்னு நிக்குது, நீங்க வெளியில இருந்து குளிர வச்சா அது இன்னும் நடுங்க வைக்கும், பிள்ளை தான் அவஸ்தைப்படும். பாராசிட்டமால் வேலை செய்யுறது மூளைல, புரோஸ்டாகிளாண்டின குறைச்சு அந்த அளவையே கீழ இறக்கும், அப்புறம் வேர்த்து சூடு தானா இறங்கும்.

ஆனா வெயில்ல மயங்கி விழுந்தவங்களுக்கு கதையே வேற. ஹீட் ஸ்ட்ரோக்ல மூளை அளவ ஏத்தவே இல்ல, வெளி சூட்ட உடம்பால தாங்க முடியாம போச்சு, அதுக்கு மாத்திரை குடுத்தா ஒரு பிரயோஜனமும் இல்ல. உடனே குளிர்ந்த தண்ணி ஊத்தி, விசிறி விட்டு, ஆம்புலன்ஸுக்கு 108 அடிங்க. இந்த ரெண்டையும் தயவு செஞ்சு குழப்பிக்காதீங்க.

99.5 காட்டினாலே மாத்திரை போடுற பழக்கமும் தேவையில்ல. காய்ச்சல் உடம்போட ஆயுதம். 1975ல அமெரிக்காவுல க்ளூகர்ங்கற விஞ்ஞானியோட குழு பாக்டீரியா தொற்று வந்த பாலைவன ஓணான்கள வேற வேற சூட்டுல வச்சு பாத்தப்போ, அதிக சூட்டுல இருந்தது தான் அதிகமா பொழைச்சுது. ஆள் சோர்ந்து கெடந்தா, வலி தாங்கலன்னா போடுங்க, ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 4ல இருந்து 6 மணி நேரம் இடைவெளி விட்டு, குழந்தைன்னா எடைக்கு ஏத்த அளவு டாக்டர்கிட்ட கேட்டு. சளி மாத்திரை பலதுலயும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அட்டைய படிச்சு பாருங்க, டபுள் டோஸ் ஆனா கல்லீரல் போயிடும். 3 மாசத்துக்கு கீழ உள்ள குழந்தைக்கு 100.4 வந்தா வீட்டு வைத்தியமே வேணாம், நேரா ஆஸ்பத்திரி.

ஜுரத்துல வலிப்பு வந்தா கையில சாவிக்கொத்து குடுக்கறது, வாய்ல ஸ்பூன் வைக்கிறது கூடாது. பக்கவாட்டுல படுக்க வைங்க, 5 நிமிஷத்த தாண்டினா 108.

கடைசியா டெங்கு, எனக்கு ரொம்ப பயமா இருக்குற தப்பு இது தான். டெங்கு மாதிரி தோணுனா ஆஸ்பிரின், இபுபுரூஃபன்னு வலி மாத்திரைங்கள தொடாதீங்க, ரத்தக்கசிவு அதிகமாகும். காய்ச்சல் விட்டாச்சு, சரியாயிடுச்சுன்னு வேலைக்கோ ஸ்கூலுக்கோ கெளம்பிடுறாங்க, ஆனா டெங்குல ஆபத்தான கட்டம் ஆரம்பிக்கிறதே பெரும்பாலும் சூடு இறங்குற அந்த 3ல இருந்து 7ஆம் நாளுக்குள்ள தான். அப்போ வயித்து வலி, விடாம வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் சில்லிடுறது இதுல ஒண்ணு இருந்தாலும் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் பாக்காம ஆஸ்பத்திரிக்கு கெளம்பிடுங்க.