ஆப்பிரிக்கச் சுரங்க நிறுவனங்களிடம் பொறுப்புக் கேட்பது எப்படி?

ஆப்பிரிக்காவில் சுரங்கம் நடத்தும் பன்னாட்டு நிறுவனங்கள், கேள்வி எழுந்தவுடன் உள்ளூர்த் துணை நிறுவனத்தைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது வழக்கம். ஆகவே, சுரங்கத்திலிருந்து தலைமையகம் வரை யாருக்கு யார் உரிமையாளர் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சாம்பியாவின் சிங்கோலா நகரருகே உள்ள என்சாங்கா செம்புச் சுரங்கத்தை நடத்தியது கொன்கோலா காப்பர் மைன்ஸ். அதன் பெரும்பான்மைப் பங்குகள், தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையால் நமக்கு அறிமுகமான வேதாந்தா குழுமத்தின் லண்டன் நிறுவனத்திடம் இருந்தன. இத்தகைய விவரங்களை ஆண்டறிக்கைகளிலும், பிரிட்டனின் நிறுவனப் பதிவகத்திலும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

அடுத்தது சான்று, பெரும்பாலான முயற்சிகள் இங்கேதான் சறுக்குகின்றன. 2006இல் அச்சுரங்கத்தின் கழிவு கஃபுவே ஆற்று நீரைக் கெடுத்தது தொடர்பான வழக்கில், ஏறத்தாழ 2,000 பேருக்கு இழப்பீடு வழங்குமாறு சாம்பிய உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பொறுப்பை உறுதிசெய்தபோதிலும், மருத்துவ அறிக்கை வைத்திருந்த 12 பேருக்கு மட்டுமே இழப்பீடு உண்டு என்று சுருக்கிவிட்டது. எனவே, வயிற்றுவலியோ தோல் அரிப்போ கண்டவர் ஒவ்வொருவரும் அப்போதே மருத்துவமனைக்குச் சென்று, தேதியிட்ட சீட்டைத் தம் பெயரில் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். நீர் மாதிரி எடுப்பவர், ஆய்வகம் தரும் புட்டிகளையே பயன்படுத்தி, கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக எடுத்து, இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை அங்கேயே எழுதி ஒட்டிப் படமெடுக்க வேண்டும். புட்டி யாரிடமிருந்து யாரிடம் கைமாறியது என்ற பதிவில் இடைவெளி விழுந்தால், எதிர்தரப்பு வழக்கறிஞர் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

மூன்றாவதாக, தாய் நிறுவனம் தன்னைப் பற்றித் தானே வெளியிட்டவற்றைப் படிக்க வேண்டும். துணை நிறுவனங்களின் சுற்றுச்சூழல் தரத்தைத் தாமே மேற்பார்ப்பதாக வேதாந்தா தன் அறிக்கைகளில் எழுதியிருந்தது, அதே சுரங்கத்தின் மாசு தொடர்பாக ஊர்மக்கள் 1,826 பேர் தொடுத்த வழக்கை இங்கிலாந்திலேயே நடத்தலாம் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தபோது அவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. பங்குதாரர்களைக் கவர அச்சிட்ட பளபளப்பான அறிக்கையைவிடப் பயனுள்ள ஆவணம் எளிதில் கிடைக்காது. 2021இல் வழக்கு, பொறுப்பை ஒப்புக்கொள்ளாத சமரசமாக முடிந்தது.

ஊழலைத் துப்பறிவது வேறு வகை வேலை. பிரிட்டன், கனடா, ஐரோப்பிய ஒன்றியச் சட்டங்களின்படி நிறுவனங்கள் அரசுகளுக்குச் செலுத்திய தொகைகளைத் திட்டவாரியாக வெளியிட வேண்டியிருப்பதால், அவற்றை அந்தந்த நாட்டு வருவாய்க் கணக்கோடு ஒப்பிட வேண்டும். இடைத்தரகர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் கொடுத்த கட்டணத்தில் தனிக் கவனம் தேவை; லஞ்ச வழக்குகளில் 2022இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட சுவிஸ் சுரங்க-வணிக நிறுவனமான கிளென்கோர், போலி ஆலோசனை ஒப்பந்தங்களின் பெயரிலும் லஞ்சத்தை மறைத்திருந்தது. புகாரை லண்டனின் கடும் மோசடி விசாரணை அலுவலகம், அமெரிக்க நீதி அமைச்சகம், சுவிட்சர்லாந்தின் தலைமை வழக்குத் தொடுநர் அலுவலகம் ஆகியவற்றுக்கு அனுப்பலாம். ஆனால், அபராதத்தின் பெரும்பகுதி பணக்கார நாடுகளின் கருவூலத்துக்கே போகிறது என்பதை ஊராருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. கிளென்கோரிடம் காங்கோ ஜனநாயகக் குடியரசு பெற்ற 18 கோடி டாலரும் தனியே பேசி முடித்த உடன்பாட்டின் வழியாகத்தான்.

வழக்குக்கு வசதியில்லாதவர்கள், ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு) பன்னாட்டு நிறுவனங்களுக்காக வகுத்த வழிகாட்டுநெறிகளை ஏற்ற நாடுகளிலுள்ள தேசியத் தொடர்பு மையங்களில் முறையிடலாம். செலவு குறைவு, ஆனால் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. எவ்வழியானாலும், பெயர் வெளியாவதற்கு ஒவ்வொரு சாட்சியிடமும் தனித்தனியே சம்மதம் பெற வேண்டும். ஊர்த் தலைவரின் ஒப்புதல் மட்டும் போதாது. வழக்குத் தொடர்வதற்கான காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறுவதால், அதை வழக்கறிஞரிடம் தொடக்கத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.