பவளத் தொட்டி: நான் செய்த, நீங்களும் செய்யப்போகிற தவறுகள்

போன மாதம் பெருமாள்புரத்தில் ஒரு தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டரை அடிக் கடல் மீன் தொட்டி, புதுசு. உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், நாலைந்து மென்பவளம், நீல வெளிச்சம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பேசிக்கொண்டே இருந்தவர், கீழே பக்கெட்டில் கலக்கி வைத்திருந்த உப்புத் தண்ணீரில் ஒரு மக் மொண்டு தொட்டியில் ஊற்றினார்.

"தண்ணி கொறஞ்சிருக்குல்லாண்ணே, அதான்" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே மக் என் கையில் இருந்தது.

சமையல் உப்பைக் கொட்டுவது, தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே மீன் விடுவது, இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. தொட்டி பழகி மீனுக்குத் தயாராக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்று கடைக்காரரே சொல்லிவிடுவார். யாரும் சொல்லாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

குறைந்த தண்ணீருக்கு உப்புத் தண்ணீர் ஊற்றுவது

முதலில் என் கதை. சம்ப்போடு (தொட்டிக்குக் கீழே மோட்டாரும் வடிகட்டியும் இருக்கும் துணைத் தொட்டி) சேர்த்து 200 லிட்டர் தொட்டி. மே மாதம், அக்னி நட்சத்திரம். தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டியது. பவளத்துக்கு 25, 26 இருந்தால் நல்லது. சில்லர் (தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷின்) வாங்கக் காசில்லை. மேலே இரண்டு சின்ன ஃபேனை மாட்டினேன். இரண்டு டிகிரி இறங்கியது. வெற்றி என்று நினைத்தேன்.

ஃபேன் குளிர வைப்பதே தண்ணீரை ஆவியாக்கித்தான். ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் போனது. போன தண்ணீருக்கு ஈடாக நான் தினமும் ஐந்து லிட்டர் உப்புத் தண்ணீர் கலக்கி ஊற்றினேன். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே? அப்படித்தான் மூளை வேலை செய்தது.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே கிடக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. 200 லிட்டரில் 7 கிலோ. நான் தினமும் ஊற்றிய ஐந்து லிட்டரில் 175 கிராம். பத்து நாளில் ஒன்றே முக்கால் கிலோ கூடுதல். அதாவது 35 இருந்த இடத்தில் 43க்கு மேல்.

முதலில் நத்தைகள் மல்லாந்தன. அப்புறம் ஜோவாக்கள் (பூப்போல விரியும் சின்னப் பவள வகை) மொட்டுப் போல மூடிக்கொண்டன. லெதர் பவளம் சுருங்கி, மேலே மெழுகு பூசிய மாதிரி ஆனது. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காதது போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. என்னை ஏமாற்றியதே அந்த மீன்கள்தான். மீனின் உடம்பு தனக்குள் இருக்கும் உப்பை ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்ளும். நத்தைக்கும் பவளத்துக்கும் அந்த வசதி இல்லை. வெளியே என்ன உப்போ அதுதான் உள்ளேயும். மீன் நன்றாக இருக்கிறது, அதனால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அளக்கவில்லையா என்று கேட்பீர்கள். அளந்தேன். முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் (தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பைக் காட்டும் கருவி) 1.025, அதாவது சரியான கடல் தண்ணீர் என்று தினமும் சத்தியம் செய்தது. கழுவாமல் வைத்ததில் முள்ளின் அடியில் உப்புப் படிந்து அது இறுகியிருந்ததைப் பிற்பாடுதான் கவனித்தேன்.

கண்டுபிடித்தவர் என் தாய்மாமா. தூத்துக்குடியில் உப்பளத்தில் கணக்குப் பார்த்தவர். ஊருக்கு வந்திருந்தவர் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். மறுவாரம் வரும்போது, அளத்தில் தண்ணீரின் உப்பு டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாயைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒரு உயரமான டம்ளரில் தொட்டித் தண்ணீரை ஊற்றி அதை மிதக்கவிட்டார். குனிந்து பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மருமவனே, கடத்தண்ணி மூணு, மூணரைல்லா காட்டும். இது நாலரை. நீ மீனா வளக்க? உப்புல்லா வெளைய வைக்க!"

அவர் சொன்னதில் கேலி பாதிதான். உப்பளத்தில் நடப்பது இதேதான். கடல் தண்ணீரைப் பாத்தியில் விடுவார்கள், வெயில் குடிக்கும், மறுபடி விடுவார்கள். டிகிரி ஏறி 25ஐத் தொடும்போது உப்பு இறங்கும். நான் அதை வீட்டுக் கூடத்தில் செய்துகொண்டிருந்தேன்.

இதோடு நிற்கவில்லை. பதறிப்போய் அன்று மத்தியானமே 40 லிட்டர் உப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு 40 லிட்டர் நல்ல தண்ணீரை ஊற்றினேன். மிச்சமிருந்த பவளமும் இரண்டு நாளில் கரைந்தது. உப்பு ஏறியது பத்து நாளில். நான் இறக்கியது ஒரு மணி நேரத்தில். ஒரு நாளைக்கு ஒரு அலகுக்கு (லிட்டருக்கு ஒரு கிராம்) மேல் இறக்கக் கூடாது. 43 என்றால் 42, அடுத்த நாள் 41. பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம், இன்றைக்கும் எரிச்சல்தான்.

என்ன செய்ய வேண்டும்? சம்ப் இருந்தால், மோட்டார் நிற்கிற அறையில்தான் தண்ணீர் குறையும். மேலே தொட்டியில் தெரியவே தெரியாது. அந்த அறைக் கண்ணாடியில் இன்சுலேஷன் டேப்பால் ஒரு கோடு ஒட்டுங்கள். காலையில் பல் தேய்த்ததும் அந்தக் கோடு வரை உப்பில்லாத தண்ணீர். உப்புத் தண்ணீர் ஊற்றுவது, தொட்டித் தண்ணீரை வெளியே எடுத்து மாற்றும் நாளில் மட்டும். அளப்பதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதை 35 அளவுக்கான திரவத்தை வைத்துச் சரிபாருங்கள். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டுவது 35இல் சரியாகக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தானாகத் தண்ணீர் நிரப்பும் கருவி வைப்பவர்கள், அதற்குத் தண்ணீர் எடுக்கும் கேனைச் சின்னதாக வையுங்கள். பத்து லிட்டர் போதும். சென்சார் மாட்டிக்கொண்டால் பத்து லிட்டரோடு போகும். மாடித் தொட்டிக் குழாயை நேரடியாக இணைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வீட்டுத் தரை அன்றைக்கு நன்றாகச் சுத்தமானது.

ஆனி, ஆடியில் இன்னும் கவனம். குற்றாலத்தில் சாரல் விழும். பாளையங்கோட்டையில் நமக்கு வெறும் காற்றுதான். அந்தக் காய்ந்த காற்றில் ஃபேன் நன்றாகக் குளிர வைக்கும், தண்ணீரும் அதே வேகத்தில் போகும்.

குடிக்கிற ஆர்ஓ தண்ணீர்

அந்த உப்பில்லாத தண்ணீருக்கு, "வீட்டில் ஆர்ஓ இருக்குண்ணே" என்பார்கள். குடிக்கிற மெஷின்களில் பல, ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையே கலந்து கொடுக்கும். போர் தண்ணீர் 1,200 டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் சரக்கு, மில்லிகிராமில்), மெஷின் தருவது 90. குடிக்க அருமை. தொட்டிக்கு அந்த 90ம் உப்பைப் போலத்தான், ஆவியாகாது. தினம் ஐந்து லிட்டர் ஊற்றினால் மாதத்துக்கு 13 கிராமுக்கு மேல் தேவையில்லாத சரக்கு உள்ளே சேரும். அதில் சிலிக்கேட் இருந்தால் மணலெல்லாம் பழுப்புப் பாசி படரும். ஆர்ஓவுக்குப் பின்னால், மிச்சச் சரக்கையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்றை இணைத்து, டிடிஎஸ் மீட்டரில் 0 வருகிறதா என்று பாருங்கள். 3 காட்டினால் ரெசின் மாற்றும் நேரம்.

ஹீட்டர்

நம்ம ஊருக்கா? அந்தக் காசைச் சில்லருக்குச் சேர்த்து வையுங்கள்.

கடலிலிருந்து கல்லும் தண்ணீரும்

திருச்செந்தூர் போய் வரும்போது இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கரையோரத் தண்ணீரில் படகு டீசலும் சாக்கடையும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாமிரபரணி புன்னைக்காயலில் கலக்கும்போது அந்தப் பக்கத்துக் கரையில் உப்பும் குறைந்துவிடும். கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பு மூட்டை வாங்கிக் கலக்குவதே நிம்மதி.

தொட்டிக்குள் அடுக்கும் பவளக் கல் விஷயத்தில் நான் கண்டிப்பு. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து கடல் தேசியப் பூங்கா. கடினப் பவளங்கள் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. "தெரிஞ்ச ஆள் எடுத்துத் தருவார்" என்பது புலித்தோல் தெரிந்த ஆளிடம் வாங்குவது போலத்தான். அந்த 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளக் கல்லை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். செயற்கைக் கல் கிடைக்கிறது. முதலில் மொட்டை வெள்ளையாகத்தான் இருக்கும். ஆறு மாதம் பொறுத்தால் ஊதாப் பாசி படரும். மீனிலும் அப்படியே: கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்ப்பது நம் நாட்டிலேயே நடக்கிறது, பண்ணை மீனாகக் கேட்டு வாங்குங்கள்.

கரண்ட் போனால்

மோட்டார் நின்றதும் மேலேயுள்ள தண்ணீரில் ஒரு பங்கு குழாய் வழியாகச் சம்ப்புக்கு இறங்கும். சம்ப்பை விளிம்பு வரை நிரப்பி வைத்திருந்தால் மிச்சம் தரைக்கு. தொட்டி வைத்த முதல் நாளே நீங்களாகப் ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். மின்வாரியம் அதை ராத்திரி இரண்டு மணிக்குச் சோதிப்பதற்கு முன்னால்.

இன்வெர்ட்டரில் அலை மோட்டார் ஒன்றை மட்டும் போடுங்கள். விளக்கு வேண்டாம்.

ஸ்டாண்டு

இரும்பு என்றால் துருப்பிடிக்கும். கடப்பாக் கல் பலகை நல்லது. ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

நீல டாங்

வேண்டாம். ஓரடி வளரும் மீன் அது. உங்கள் தொட்டி இரண்டரை அடி.