மரணச் செய்தியை வீட்டாரிடம் எப்படிச் சொல்வது

போலீஸ், மருத்துவமனை, ராணுவம் என்று யார் சார்பில் போனாலும், கிளம்பும் முன் இரண்டை உறுதிசெய்துகொள்ளுங்கள்: இறந்தவர் அவர்தானா, நீங்கள் பார்க்கப்போகிறவர் அவருக்கு என்ன உறவு. சட்டைப் பையில் கிடைத்த அடையாள அட்டையை மட்டும் நம்பிப் போனால், உயிரோடு இருப்பவருக்காக ஒரு வீட்டை அழவைத்துவிடுவீர்கள். அதற்காக இழுத்தடிக்கவும் முடியாது, நீங்கள் போய்ச் சேர்வதற்குள் வாட்ஸ்அப்பில் படமே வந்திருக்கும்.

போனில் வேண்டாம். நேரில் போங்கள், முடிந்தால் இரண்டு பேராக. ஒருவர் பேசட்டும், இன்னொருவர் யாராவது மயங்கி விழுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளட்டும். வாசலில் வைத்துச் சொல்லாமல், உள்ளே வரலாமா என்று கேட்டு, உட்காரவைத்து, பெயரைக் கேட்டுச் சரிபார்த்த பிறகு பேசுங்கள். அவருக்கு உங்கள் மொழி புரியாவிட்டால், வீட்டுக் குழந்தையை மொழிபெயர்க்க வைப்பது மட்டும் கூடவே கூடாது.

அப்புறம் அந்த ஒரு வாக்கியம். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். தவறிட்டார், போயிட்டார், நம்மை விட்டுப் பிரிந்துவிட்டார் என்று பூசி மெழுக நம்மிடம் வார்த்தைக்கா பஞ்சம்? ஆனால் "நிலைமை கொஞ்சம் சீரியஸ்" என்று ஆரம்பித்தால், கேட்பவர் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டபடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், அவரைப் பிடித்து நிறுத்தி மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும். "ஒரு கெட்ட செய்தி சொல்ல வந்திருக்கிறோம். உங்கள் கணவர் இன்று காலை நடந்த விபத்தில் இறந்துவிட்டார்." பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். கத்தினாலும் திட்டினாலும் பதில் பேச வேண்டாம், "விதி" என்று ஆறுதலும் சொல்ல வேண்டாம். கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

உடல் எங்கே இருக்கிறது, யாரைப் பார்க்க வேண்டும், எந்த எண்ணில் கூப்பிட வேண்டும், இதையெல்லாம் தாளில் எழுதிக் கொடுங்கள், அந்த நேரத்தில் காதில் விழுவது எதுவும் நினைவில் நிற்காது. துணைக்கு ஒருவர் வரும்வரை அவரைத் தனியே விட்டுக் கிளம்பாதீர்கள்.

இறந்தவர் வெளிநாட்டுக்காரர் என்றால் வழி கொஞ்சம் சுற்று. 1963 வியன்னா துணைத் தூதரக உறவு உடன்படிக்கையின் 37ஆம் பிரிவுப்படி, தகவல் கிடைத்த அதிகாரிகள் தாமதிக்காமல் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். குடும்பத்துக்குச் செய்தி பெரும்பாலும் அங்கிருந்துதான் போகும். நீங்களே அந்தக் குடும்பமாக இருந்து, தூதரகம் என்று சொல்லி யாராவது போனில் பணம் கேட்டால், வைத்துவிட்டு அலுவலகத்தின் பொது எண்ணைத் தேடி நீங்களே கூப்பிடுங்கள்.