அம்ப்ளிபயர் சுடுகிறதா? ஃபேன் வாங்குவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்

கொழும்பில் பகலில் வீட்டுக்குள்ளேயே 30 பாகை வந்துவிடுகிறது. போதாததற்கு, கிளாஸ் ஏபி (வீட்டு ஸ்டீரியோக்களில் சாதாரணமாக இருக்கும் வகை) அம்ப்ளிபயர் மெல்லிய சத்தத்தில் பாடும்போது இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது. அதனால் மேல்மூடி இளஞ்சூடாக இருந்தால் பயப்பட வேண்டாம். கை வைக்க முடியாமல் சுட்டாலோ, பாட்டு நடுவில் தானாக நின்றாலோ கீழே உள்ளதை இதே வரிசையில் செய்யுங்கள்.

முதலில் இடம். கதவு மூடிய அலுமாரிக்குள் இருந்தால் வெளியே எடுங்கள். அடித்துளைகளால் குளிர்ந்த காற்று ஏறி, மேல்துளைகளால் சூடு போக வேண்டும். ஆகவே கீழே கம்பளமும் கூடாது, மேலே லேஸ் துணியோ ரவுட்டரோ கூடாது. மேலே 10 சென்டிமீட்டராவது வெறுமையாக விடுங்கள்.

அடுத்து தூசி. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்காற்றின் ஈரத்தில் தூசி களிபோல ஒட்டிக்கொள்ளும். பிளக்கைக் கழற்றிவிட்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் துளைகளைத் துடையுங்கள். மூடியைத் திறக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே பெரிய கப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

மூன்றாவது ஸ்பீக்கர். பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான். ஸ்பீக்கரின் ஓம் (மின்தடை அளவு) குறையக் குறைய அம்ப்ளிபயர் கூடுதல் மின்னோட்டம் கொடுக்க வேண்டிவரும், சூடும் ஏறும். பின்பக்கத்தில் 'குறைந்தது 6 ஓம்' என்று அச்சிட்டிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் கொடுக்காதீர்கள். பெரும்பாலான அம்ப்ளிபயர்களில் ஏ, பி என்ற இரண்டு ஸ்பீக்கர் இணைப்புகளையும் சேர்த்துப் போட்டால் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் 4 ஓமாகிவிடும். அப்புறம், அதே பிளக் கழற்றிய நிலையில், டோர்ச் அடித்து வயர் முனைகளைப் பாருங்கள். சிவப்பு முனையிலிருந்து தலைமயிர் அளவு செம்பு இழை ஒன்று கறுப்பு முனையைத் தொட்டாலே ஷோர்ட்தான். இழைகளை இறுக்கி முறுக்கித் திரும்பச் செருகுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் சுட்டால் ஃபேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் 12 சென்டிமீட்டர் யூஎஸ்பி ஃபேன் தேடுங்கள். மேல்துளைகளின் மீது, சூட்டை மேல்நோக்கி இழுக்கும்படி வையுங்கள். கீழ்நோக்கி ஊதவிட்டால் ஏறிவரும் சூட்டோடு மல்லுக்கட்டும்.

கடைசிச் சோதனை: ஸ்பீக்கர்களைக் கழற்றி, வால்யூமைப் பூச்சியத்தில் வைத்து அரை மணி நேரம் பக்கத்திலிருந்து கவனியுங்கள். அப்போதும் கை சுட்டால் கோளாறு உள்ளேதான். பிளக்கைக் கழற்றி, திருத்துநரிடம் கொடுத்து பயஸ் அளவை (பாட்டு இல்லாதபோதும் உள்ளே ஓடும் மின்னோட்டத்தை) பார்க்கச் சொல்லுங்கள்.