டுனி இணைப்புப் புத்தகம் கட்டும் முறை

1993இல் தொடங்கிய 'மிஸ்ட்' கணினி விளையாட்டுத் தொடரில் வரும் டுனி மக்கள் எழுத்தாலேயே வேறு உலகங்களுக்குப் போனவர்கள். ஓர் உலகத்தை முழுதாக விவரிக்கும் பெரிய நூல் ஒன்று. அங்கே போய்ச் சேர மட்டும் உதவும் இணைப்புப் புத்தகம் இன்னொன்று. பக்கத்தில் அசையும் படத்தில் கை வைத்தால் ஆள் போய்விடுவார், புத்தகம் இங்கேயே கிடக்கும். அதனால் செய்வதென்றால் போக ஒன்று, திரும்பி வர ஒன்று என இரண்டு புத்தகம் செய்யுங்கள். பாடசாலைக் கண்காட்சியில் ஒன்றை மட்டும் வைத்தால், விதி தெரிந்த பிள்ளை முதலில் கேட்பது "அப்ப எப்படித் திரும்பி வாறது?" என்பதுதான்.

அசையும் படத்துக்குப் பழைய போன் ஒன்று போதும். பலர் பிழைவிடுவது அளவில். போனைப் படுக்கையாக வைக்க வேண்டும். அதன் நீளம் ஏறக்குறைய 15 செ.மீ., ஏ5 தாளின் அகலமோ 14.8 செ.மீ. ஆகவே ஏ3 கடதாசியை மடித்து ஏ4 பக்கமாக்குங்கள். 80 கிராம் கடதாசி 60 எடுத்து, ஐந்தைந்தாக மடித்தால் 12 கட்டு, 120 இதழ். ஓர் இதழ் ஏறக்குறைய 0.1 மி.மீ. என்பதால் பின்பக்க 90 இதழ்கள் 9 மி.மீ. தடிப்பு வரும், அதில் குழி வெட்டினால் 8 மி.மீ. போன் உள்ளே அடங்கும். முன் 30 இதழ்கள் புரட்டுவதற்கு.

வெட்டமுன் கடதாசியை இரு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். இலகுவாக வளையும்போது மடிப்புக்கோடு எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் நார் ஓடும் திசை. முதுகு மடிப்பு அதனோடு போக வேண்டும். மாறினால் பசை பட்டதும் பக்கம் அலை அலையாக நெளியும். கடையில் வெட்டி விற்கும் ஏ3 பெரும்பாலும் மாறித்தான் இருக்கும். அச்சகத்தில் பெரிய தாள் வாங்கி, திசை சொல்லி வெட்டுவிப்பது நல்லது.

மெழுகு பூசிய பருத்தி நூலால் கட்டுகளைத் தையுங்கள். 90 இதழ்களின் ஓரங்களை வெள்ளைப் பசையால் ஒட்டி, பாரம் வைத்து ஓர் இரவு விட்டபிறகே குழி வெட்டுங்கள். கோதுமை மாப் பசை இங்கே வேண்டாம், ஈரம் கூட; அட்டைக்குத் துணி ஒட்ட அது நல்லது. ஒரு பங்கு மா, ஐந்து பங்கு தண்ணீர், அடுப்பில் வைத்துக் கண்ணாடிபோல் வரும்வரை கிண்டுங்கள். குழிக்கு மேல் 12 × 6 செ.மீ. சாளரம் வெட்டிய தாளை ஓர் ஓரத்தில் மட்டும் ஒட்டினால் போனின் விளிம்பு மறையும், போனைக் கழற்றவும் முடியும். சார்ஜ் வயருக்கு முதுகுப்பக்கம் ஒரு வழி விடுங்கள். திரை அணையும் நேரத்தை நிறுத்தி வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள்; மூடிய குழிக்குள் போன் சூடேறும்.

இணைப்புப் புத்தகத்தை அது போய்ச் சேரும் உலகத்தில் இருந்துதான் எழுத வேண்டும். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இருக்கும் மணற்காட்டு மணல்மேடுகள் இதற்கு அருமையான இடம். அங்கே போய் வீடியோ எடுங்கள், கடைசி வரியையும் அங்கேயே எழுதுங்கள். ஒரே உலகத்துக்குள் இணைக்க முடியாது என்றும் விதி இருப்பதால், மணலில் புதைந்த பழைய தேவாலயமும் சவுக்குத் தோப்பும் படத்தில் விழக்கூடாது. பார்ப்பவர் "இது மணற்காடெல்லோ" என்றால் உலகம் உடைந்துபோகும்.

பக்க எண்கள் டுனி முறையில், நாம் பத்துப் பத்தாக எண்ணுவதுபோல, 25இன் அடியில் போகும். ஒன்றுக்கு நிமிர்ந்த கோடு, இரண்டுக்கு வளைகோடு. மூன்றுக்கும் நான்குக்கும் தனி வடிவங்கள். அவற்றை இடஞ்சுழியாகக் கால்வட்டம் திருப்பினால் 5, 10, 15, 20. எல்லாம் சதுரத்துக்குள். 37ஆம் பக்கத்துக்கு முதல் சதுரத்தில் 1, அடுத்ததில் 12, அதாவது திருப்பிய இரண்டின்மேல் நேர் இரண்டு. 50 என்றால் 2, பிறகு பூச்சியம். பூச்சியத்துக்குச் சதுரத்தின் நடுவில் ஒரு புள்ளி.

வேலை முடிந்ததும் போனைக் கழற்றிவிட்டு, ஏட்டுச்சுவடிக்கு வைப்பதுபோல வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள். கடற்காற்று நேரே படும் யன்னலோரம் வேண்டாம்.