இறங்கிய எடை மறுபடி ஏறாமல் இருக்க

நான் 14 கிலோ குறைத்தவள். குறைத்துப் பல வருடங்கள் ஆகின்றன. ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கினாலும் எடை அதே இடத்தில் நிற்கிறது. என்னோடு டயட் தொடங்கிய பலருக்குப் போன எடை திரும்பி வந்துவிட்டது. அவர்களும் என் அளவுக்கு மனஉறுதி உள்ளவர்கள்தான். டயட் முடிந்த பிறகு உடம்பு என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கொழுப்பு கரையும்போது, அதிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் குறைகிறது. கையிருப்பு போதுமான அளவு இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிப்பது அதுதான். பசியைத் தூண்டும் கிரெலினோ கூடுகிறது. 2011-ல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், எடை குறைத்து ஒரு வருடம் ஆன பிறகும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. பசியும் டயட்டுக்கு முன்பு இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு இதற்கு ஒரு கணக்கே போட்டது. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பு செலவழிக்கும் ஆற்றல் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ கிலோவுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. மெட்டபாலிசம் மந்தமாகிவிட்டது என்று வருத்தப்படுகிறோமே, அதைவிடப் பெரிய சவால் பசிதான். டயட் முடிந்த பிறகும் பசிக்கிறதே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். உடம்பு தன் வேலையைச் செய்கிறது.

சரி, என்ன செய்யலாம்?

டயட்டை ஒரே நாளில் கைவிடாதீர்கள். உணவைப் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒரு நாளைய சாப்பாட்டில் 100 கலோரி அளவுக்குச் சேர்த்து, இரண்டு வாரம் எடையைப் பாருங்கள். நிலையாக இருந்தால் இன்னும் கொஞ்சம். எடை ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். அது பழைய சாப்பாட்டின் அளவை எட்டாது. இளைத்த உடம்புக்குத் தேவையும் குறைவு என்பதை மனதார ஏற்றுக்கொண்டால் பாதி போராட்டம் முடிந்தது.

முதல் சில நாளில் ஒன்றிரண்டு கிலோ சட்டென்று ஏறினால் பயப்பட வேண்டாம். மாவுச்சத்தைக் கூட்டியதும் தசையும் கல்லீரலும் அதைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன. ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். ஒரே விருந்தில் அது நடக்காது.

நான் அதிகம் நம்புவது எடை பார்க்கும் பழக்கத்தைத்தான். காலையில் எழுந்து, கழிப்பறை போய் வந்து, எதுவும் சாப்பிடும் முன் எடை பார்த்துச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதுகிறேன். ஒற்றை நாளின் எண்ணுக்கு மதிப்புக் கொடுப்பதில்லை, ஏழு நாள் சராசரிதான் கணக்கு. அந்தச் சராசரி இலக்கைவிட 2 கிலோ கூடினால் அன்றே நடவடிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ரீனா விங்கின் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இதில் நம்பிக்கை தந்தது. எடை குறைத்த 314 பேரில் ஒரு பிரிவினர், தினமும் எடை பார்த்து, எண் எல்லை தாண்டியதும் உடனே சரிசெய்யும் முறையை நேரடி வகுப்புகளில் கற்றார்கள். 18 மாதத்தில் அவர்களில் சுமார் 46 சதவீதம் பேருக்கு 2.3 கிலோவோ அதற்கு மேலோ கூடியது. வெறும் செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் அது 72 சதவீதம்.

என்னுடைய நடவடிக்கை சின்னதுதான். இரண்டு வாரம் வாயில் போடும் எல்லாவற்றையும் எழுதுவேன், இனிப்புப் பானங்களையும் இடைத்தீனியையும் நிறுத்துவேன். எண் இறங்கியதும் வழக்கத்துக்குத் திரும்பிவிடுவேன். 2 கிலோவை இப்படிச் சமாளிக்க முடியும். 8 கிலோ ஆகும்வரை விட்டால் மறுபடி முழு டயட் தேவைப்படும். ஆனால் எடை எந்திரத்தைப் பார்த்தாலே மனம் நொறுங்குகிறவர்களும், உணவுக் கோளாறு இருந்தவர்களும் இதைச் செய்ய வேண்டாம். ஒரு பேன்ட்டின் இடுப்புப் பிடிப்பை வைத்துப் பார்த்தாலே போதும்.

பசியைச் சமாளிக்க ஒவ்வொரு வேளையிலும் புரதமும் நார்ச்சத்தும் இருக்கட்டும்: முட்டை, மீன், பருப்பு, நிறையக் காய்கறி. எனக்குச் சாயங்காலம் ஐந்து மணிப் பசிதான் கடினம். அதனால் அந்த நேரத்துக்கு என்ன சாப்பிடுவது என்று காலையிலேயே முடிவு செய்து எடுத்துவைத்துவிடுவேன். பசி வந்த பிறகு யோசித்தால் முடிவு தப்பாகத்தான் வரும். வார நாளில் ஒரு மாதிரி, விடுமுறையில் வேறு மாதிரி என்று சாப்பிடுவதையும் தவிருங்கள்.

உடற்பயிற்சி மட்டுமே எடையைப் பெரிதாகக் குறைக்காது, குறைத்ததைக் காக்க அது மிகவும் உதவும். ரீனா விங்கும் ஜேம்ஸ் ஹில்லும் 1994-ல் அமெரிக்காவில் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 13.6 கிலோவாவது குறைத்து ஒரு வருடமாவது காத்தவர்கள்தான் அதில் சேர முடியும். அவர்களில் பெரும்பாலோர் ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். நான் கணக்குப் பிரிவில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவள். தங்கையோடு பேசும் தொலைபேசி அழைப்புகளை எல்லாம் நடந்துகொண்டே பேசுவது என்று வைத்துக்கொண்டேன். அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்குகிறேன், டயட்டில் தசையும் கரைந்துபோகும் என்பதால். தூக்கத்தையும் குறைக்காதீர்கள், தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும்.

ஊசி மருந்தால் எடை குறைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. செமாகுளுடைடு என்ற ஊசி மருந்தை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. நீங்களாகவே நிறுத்தாமல், நிறுத்திய பிறகு என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். சாப்பாடும் நடமாட்டமும் மாறாமலே எடை வேகமாக ஏறினாலும் அவரிடம் போங்கள். தைராய்டு காரணமாக இருக்கலாம், ஸ்டீராய்டு போன்ற மருந்தாகவும் இருக்கலாம்.